காக்காக்கால் போட்ட வாசல்

1

ஆம்பூரிலிருந்து போன வாரம் ஒரு தம்பி வந்திருந்தார். துறைமுகத்தில் இறங்கியதும் யாரோ என் மகன் கோவிந்தனின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காப்பி கொடுத்தேன். தம்பியின் பெட்டியில் இருந்து நம்ம ஊர் வாடை வந்தது. ஆவாரம்பட்டையும் தோலும் சேர்ந்த அந்த வாடை. என் மருமகள் சாரதா முந்தானையால் மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டாள். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பு வேறு. பினாங்குக்கு வந்து தலை நரைத்தும் மூக்கு மட்டும் ஊரை விட்டு வரவில்லையே என்று.

புறப்படும்போது அந்தத் தம்பி கேட்டார்:

“ஏம்மா, இந்த வரிசையில நம்ம ஊரு ஆளுங்க வேற யாராச்சும் கீறாங்களா? பார்த்துட்டுப் போலாமேன்னுதான்.”

“இல்ல நைனா. நான் ஒருத்திதான்” என்றேன்.

அவர் போனதும் சாரதா என்னை முறைத்தாள். “இன்னா அத்த, இப்படி சொல்லிட்டீங்க? மூணாவது வூட்ல கன்னியம்மா அத்த இல்லியா? ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வந்தவங்கன்னு ஊரெல்லாம் நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க?”

அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நீண்டுபோயிற்று. “இருங்க அத்த, எழுதியே வெச்சிடறேன். ஊர்ல இருக்கறவங்களும் தெரிஞ்சிக்கட்டும்” என்று அவளே காகிதம் எடுத்தாள். எனக்கு எழுத்து வராது. நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்களாம், அதனால் நேராக்கி எழுதுகிறாளாம். மற்றவர்கள் பேசினதை மட்டும் நேராக்காதே என்று கட்டளை போட்டிருக்கிறேன். பேச்சை நேராக்கினால் ஆள் செத்துப்போவான்.

2

இங்கே வீடுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லா வீட்டுக்கும் முன்னால் கூரை போட்ட ஒரு நடைபாதை உண்டு. அதை அஞ்சடி என்பார்கள். மழை வந்தால் ஊரே அதில்தான் நடக்கும். என் வாசலும் அதுதான், உங்கள் வழியும் அதுதான். மழையில் நனையாத சிமெண்டுத் தரை. பிள்ளைகள் கையில் ஒரு துண்டு சீமைச் சுண்ணாம்பு கிடைத்தால் சும்மா இருக்குமா?

என் பேத்தி பவுனுவுக்கு அது கிடைத்தது. கோவிந்தன் துறைமுகத்தில் கிராணி. அதாவது கணக்கப்பிள்ளை. கப்பலில் வருகிற பெட்டிகளுக்குச் சுண்ணாம்பால் அடையாளம் போடுவது அவன் வேலை. வீட்டுக்கு வரும்போது சட்டைப்பையில் இரண்டு துண்டு உடைந்து கிடக்கும். பவுனு அவன் சட்டையைக் கழற்றுகிற வரைக்கும்கூடக் காத்திருக்கமாட்டாள்.

என்ன வரைவாள் என்கிறீர்கள்? கப்பல் வரைவாள், அதற்குத் தலைமுடி வைப்பாள். யானை வரைவாள், அதற்குச் செருப்புப் போடுவாள். “ஏண்டி யானைக்குச் செருப்பு?” என்றால், “வெயில்ல கால் சுடும்ல ஆயா” என்பாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, சாரதா ஓடிவந்து முதுகில் தட்டுவாள். என் வயதில் இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால், கப்பலில் ஏறும்போது அப்படி அழுதிருக்கமாட்டேன்.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி. அந்தக் கோடியில் இருந்த முடிவெட்டுகிறவர், “தரையில கண்ணு வரையக்கூடாது, வூட்டுக்கு ஆகாது” என்று கண்ணை மட்டும் காலால் தேய்த்துவிட்டுப் போவார். பவுனுவின் யானைகள் பாதிக்கு மேல் குருடு. அடுத்த வீட்டில் ஊதுவத்தி விற்கிற சீனத்தி. அவள் காலையில் கடை கழுவின தண்ணீரைப் பார்க்காமல் வீசுவாள். படம் கரைந்து சாக்கடைக்குப் போகும். கன்னியம்மா மட்டும்தான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படத்தை மிதிக்காமல் தாண்டிப் போகிறவள். பவுனு எதை வரைந்தாலும் முதலில் ஓடிப்போய் அவளைத்தான் இழுத்துவருவாள். அவளைச் “சின்ன ஆயா” என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் யானை ரொம்ப நன்றாக வந்திருந்தது. எனக்குப் பாராட்டத் தெரியவில்லை. சுண்ணாம்பை வாங்கி யானைக்குக் கீழே ஒற்றைக் கோடு ஒன்று போட்டேன்.

“இன்னா ஆயா இது?”

“எங்கப்பா போடற கோடு. ஃபஸ்ட் கிளாஸ் சரக்குன்னு அர்த்தம்.”

அவ்வளவுதான். மற்றதையும் சொல்லிக்கொடுக்காமல் விடவில்லை அவள். நல்ல தோலுக்கு ஒரு கோடு. சுமாருக்கு இரண்டு. கழிவுக்கு ஒரு வட்டம் போட்டு உள்ளே காக்காய் கால் மாதிரி மூன்று கீற்று. அதற்குப் பெயரே காக்காக்கால்தான். எங்கள் அப்பா வேலை பார்த்த தோல் மண்டியில் இருந்த குறிகள் இவை. நான் படிக்கக் கற்றுக்கொண்ட எழுத்தும் இவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பார்த்தால் பவுனு வரிசையில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் தரம் போட்டுவிட்டாள். முடிவெட்டுகிறவருக்கு இரண்டு கோடு. படத்தைக் கழுவிவிட்ட சீனத்திக்குக் காக்காக்கால். எங்கள் வீட்டுக்கும் காக்காக்கால்தான், சாரதா முதல் நாள் விளக்கெண்ணெய் கொடுத்தாளாம். கன்னியம்மா வாசலில் மட்டும் நீளமாக, நேராக, ஒரே கோடு.

சீனத்தி கதவைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள். எனக்குப் பயம். பார்த்தால் அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அவள் கண்ணுக்கு அது பூ! “பாகுஸ், பாகுஸ்” என்றாள். மலாயில் நல்லது, அழகு என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த ஏழெட்டு வார்த்தைகளில் அது ஒன்று. உள்ளே போய் ஓர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து பவுனு கையில் வைத்தாள். அதிலிருந்து தண்ணீரைப் பார்த்துத்தான் ஊற்றினாள். குறி அழிந்தால் பவுனுவைக் கூப்பிட்டுத் திரும்பப் போடச் சொன்னாள். ஒவ்வொரு தடவைக்கும் ஆரஞ்சு.

இதைக் கன்னியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள், பானையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“கழிவு சரக்குக்கு ஆரஞ்சு பழமா! முனீ, உங்கப்பா இருந்திருந்தா அந்தப் பொம்பளைய தோல் வாங்க அனுப்பிச்சிருப்பாருடி!”

அவள் அப்படிச் சிரித்ததை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

3

நானும் கன்னியும் ஆம்பூரில் ஒரே சந்து. என் அப்பாவும் அவள் அப்பாவும் ஒரே மண்டியில் தோலுக்குத் தரம் பிரிக்கிறவர்கள். தோலை விரித்து, வெளிச்சத்தில் புரட்டி, உண்ணி கடித்த ஓட்டை இருக்கிறதா, கத்தி பட்ட வெட்டு இருக்கிறதா என்று பார்த்துச் சுண்ணாம்பால் ஓர் இழுப்பு இழுப்பார்கள். நாங்கள் சோறு கொண்டுபோவோம். வரும்போது பாவாடைக்குள் ஒரு துண்டு சுண்ணாம்பு வரும்.

சந்து முனையில் ஜானி பீ வீடு. அவர் வீட்டுக்காரர் தோல் தரகர். வாசலில் பெரிய கருங்கல் படி, வழவழவென்று. அந்தக் கல்லைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் கை ஊறும். எங்கள் ஆட்டுக்குட்டியை ஜானி பீ துரத்திவிட்டார் என்ற கோபத்தில் கன்னி அந்தப் படியில் ஒரு பெரிய காக்காக்கால் போட்டாள். நான் காவல். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் சுண்ணாம்பை என் கையில் திணித்துவிட்டு அவள் பறந்துவிட்டாள்.

ஜானி பீ துடைப்பத்தோடுதான் வந்தார்.

“அரே, எந்த சோக்ரிடி இது? என் வூடு கழிவா? எங்க வூட்டு மருமவளுங்க கழிவா? வாடி இங்க, யார் வூட்டுப் பொண்ணு நீ?”

சந்தே கூடிவிட்டது. என் விரல் எல்லாம் வெள்ளை. அப்பா ஆவாரங் குச்சியை எடுத்தார். “நீ ஒருத்தியா செஞ்சியா, கூட யாருடி?” என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை கேட்டார். நான் சொல்லவில்லை. கன்னி கூட்டத்துக்குள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வலி அப்புறம்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஜானி பீயே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். படியைக் கழுவச் சொன்னார். கழுவினேன். சுண்ணாம்பை என் கையில் கொடுத்து, “போடுடி, ஒத்தக் கோடு. நேரா போடு” என்றார். போட்டேன். அப்புறம்தான் உள்ளே கூட்டிப்போய் ஒரு கிண்ணம் சேமியா கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரம்ஜானுக்கும், “ஏ காக்காக்காலு, வந்து கோடு போட்டுட்டுப் போடி” என்று சந்து அதிரக் கூப்பிடுவார். எனக்குக் கல்யாணம் ஆகிக் கப்பல் ஏறப் போகிறேன் என்று சொல்லப் போனபோதுகூட, படியைக் காட்டினார். போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கன்னிக்கும் எனக்கும் மாப்பிள்ளைகள் வேறு வேறு என்றாலும் கப்பல் ஒன்று. நாகப்பட்டணத்திலிருந்து ஏறி, வாந்தி எடுத்து, ஒருத்தி மடியில் ஒருத்தி தலை வைத்து வந்து சேர்ந்தோம். அவள் பிள்ளை பெற்றபோது நான் பிடித்தேன். என் வீட்டுக்காரர் போனபோது அவள்தான் எனக்குச் சோறு ஊட்டினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

4

கன்னியின் பிள்ளை நல்ல நிலைக்கு வந்தான். வாசலில் பெயர்ப்பலகை மாட்டினான். கன்னி கன்னிகாம்பாள் ஆனாள். நான் கேலி செய்தேன், அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் சொந்த ஊர் கலவை என்று சொல்ல ஆரம்பித்தாள். நிலம், ஏரி, நெல்லு. நான் கண்டுகொள்ளவில்லை. இங்கே தோல் ஊர் என்றால் ஒரு சிலர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே யோசிக்கிறார்கள். வயிறு பிழைக்க ஊரை விட்டு வந்தவர்கள், ஊர்ப் பெயரையும் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் யார் குடி கெட்டது?

அவள் பேத்தி லீலாவுக்கு ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். பெண் பார்க்க வந்த அன்று நானும் கூட இருந்தேன். “கலவைங்களா?” என்று கேட்டார்கள். “ஆமாங்க, நல்ல ஏரிப் பாசனம்” என்று நானே எடுத்துக்கொடுத்தேன். கலவைப் பக்கம் நான் கால் வைத்ததில்லை.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர். முன்னாளில் மேல்விஷாரத்தில் தோல் வாங்கி அனுப்புகிற வியாபாரம் செய்தவராம். அதைக் கேட்டதும் கன்னியின் முகம் சுண்டியதைப் பார்த்தேன். அவர்கள் புறப்பட்டு அஞ்சடியில் இறங்கினார்கள். அந்த மாமன் நின்றார். கீழே பார்த்தார். சிரித்தார்.

“அடடே! இங்க யாரு தோல் மண்டி வெச்சிருக்கறது?”

கன்னி என் கையைப் பிடித்திருந்தாள். நான் முன்னால் வந்தேன்.

“நான்தாங்க. ஆம்பூரு. எங்கப்பா மண்டியில தரம் பிரிச்சவரு. எம் பேத்தி விளையாடறா. இவங்க கலவைங்க, இவங்களுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வண்டி ஏறினார். கல்யாணம் நிச்சயமாயிற்று. எனக்கு ஒரே குதூகலம். திரும்பவும் கன்னியைக் காட்டிக்கொடுக்காமல் தப்பவைத்துவிட்டேன், இந்தத் தடவை ஆவாரங் குச்சிகூட இல்லை!

அதற்கடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மரியாதையான மனுஷன். ஆனால் தொப்பி போட்டு வாசலில் நின்றால் எந்த மரியாதை தெரிகிறது? பவுனு கையில் சுண்ணாம்போடு அப்படியே உறைந்துவிட்டாள்.

“பாட்டி, கோவிச்சுக்காதீங்க. இங்க வீட்டுக்கு வீடு ரகசியச் சங்கத்துக் குறி போடுறாங்கன்னு புகார் வந்திருக்கு. ஒத்தக் கோடு போட்டா நல்ல வீடாம். இந்தப் பூ மாதிரி இருக்கே, இது கெட்ட வீடாம். கொள்ளைக்கு வர்றவனுக்கு அடையாளம்ங்கறாங்க.”

“சங்கமா? ஐயே, கொழந்தை கிறுக்கினதுங்க. எங்க வூட்டுக்கே அந்தக் குறி போட்டிருக்கா பாருங்க. நாங்க எங்களையே கொள்ளையடிச்சிக்குவமா?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் புகார் புகார்தானே. கோவிந்தனை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். எங்கே வேலை, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, எந்தச் சங்கத்தில் இருக்கிறாய் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் மாற்றிச் சொல்ல, மற்றொருவர் எழுத, மறுபடி வா என்று அனுப்பினார்கள். துறைமுகத்தில் அவன் துரை காதுக்கும் போய்விட்டது. வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். ஆனால் அவன் வீட்டுக்கு வந்து, இருந்த சுண்ணாம்புத் துண்டுகளையெல்லாம் பவுனு கண்ணெதிரில் சாக்கடையில் எறிந்தான். பவுனு அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் செய்திருப்பேன். அன்றிலிருந்து தொப்பி போட்ட ஆள் தெருவில் போனாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

“அந்தச் சீனத்தி வேலைதான். நான் போய் கேக்கறேன்” என்று குதித்தான் கோவிந்தன்.

நான் போலீஸ்காரர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். புகார் கொடுத்தது யார் என்று நான் கேட்டபோது, “பேர் சொல்லக்கூடாது பாட்டி. இந்த வரிசையிலயே ஒரு வீட்டம்மா” என்றிருந்தார். சரி. ஆனால் ஒற்றைக் கோடு நல்லது, காக்காக்கால் கெட்டது என்று எந்த வீட்டம்மாவுக்குத் தெரியும்? தெரியாதவள் பார்த்தால் வெறும் கோடு ஒன்றுமில்லாதது, வட்டத்துக்குள் இருப்பதுதான் அழகு. சீனத்தி அதற்கு ஆரஞ்சு கொடுத்தவள். எது கழிவு என்று தெரிய, ஆம்பூர் மண்டியில் சோற்றுத்தூக்கோடு நின்றிருக்க வேண்டும்.

“உக்காருடா. அவ இல்ல” என்றேன்.

மறுநாள் காலையில் சீனத்தி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். குறி அழிந்துபோயிருந்த தன் வாசலைக் காட்டி, கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். பூ எங்கே என்று கேட்கிறாள். பவுனு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்தப் பொம்பளை பழத்தை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

5

கன்னி வருவாள் என்று காத்திருந்தேன். வந்து, “முனீ, எனக்கு வேற வழி தெரியலடி” என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம். வந்து சண்டை போட்டிருந்தாலும் போதும். “உம் பேத்திய அடக்கு, எங்க வூட்டுக் கல்யாணத்தக் கெடுத்துடுவா போல கீதே” என்று கத்தியிருந்தால் நானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அஞ்சடி முழுக்கக் கழுவியிருப்பேன். ஒரு குடம் தண்ணீரில் போகிற விஷயம். அதற்கு ஸ்டேஷனா?

வந்தாள். வெற்றிலை மடித்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பவுனு தலையைத் தடவினாள்.

“எந்தப் பாவி போய் சொன்னானோ, அவன் கை அழுவிப் பூடும். பச்ச புள்ளைய இப்படிப் பயமுறுத்திட்டானுங்களே. அந்தச் சீனத்திதான் முனீ, வேற யாரு? தண்ணி ஊத்தறப்பவே நான் நெனச்சேன்.”

நான் வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். மென்றேன். இதை எழுதும்போது சாரதா, “அத்த, அப்பவே கேட்டிருக்கலாமே” என்கிறாள். எப்படிக் கேட்பது? வெற்றிலையில் பாக்கு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று எனக்கு வேண்டிய அளவு தெரிந்து மடித்திருக்கிறாள். அதை வாயில் வைத்துக்கொண்டு எந்தக் கேள்வி வரும்?

மறுநாள் விடிந்து வெயில் வந்த பிறகுதான் அவள் வாசலுக்குப் போனேன். திருட்டுத்தனமாகப் போட எனக்கு விருப்பமில்லை. கட்டிலுக்கு அடியில் பவுனு ஒளித்துவைத்திருந்த கடைசித் துண்டு ஒன்று இருந்தது. அவளைக் கேட்டுத்தான் வாங்கினேன். “நீயும் வாடி” என்றேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கன்னி வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பெரிதாக ஒரு வட்டம். உள்ளே மூன்று கீற்று. அப்பா போடுகிற மாதிரியே, கை எடுக்காமல். பிறகு கதவைத் தட்டிவிட்டு நகர்ந்து நின்றேன். துடைப்பத்தோடு வா கன்னி, என்று மனசுக்குள் கூப்பிட்டேன். ‘யாருடி போட்டது, என் வூடு கழிவா?’ என்று கேளு. வரிசை முழுக்கக் கூடட்டும். நான் பதிலுக்குக் கத்துகிறேன். நீ என் தலைமயிரைப் பிடி. சாயங்காலம் கழுவிவிட்டு ஒற்றைக் கோடு போட்டுத் தருகிறேன். ஜானி பீ நமக்கு அதைத்தானே காட்டிக்கொடுத்தார்?

கதவு திறந்தது. கன்னி கீழே பார்த்தாள். அவள் கண் அந்தக் குறியில் நின்றது. அப்புறம் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. பிறகு சிரித்தாள், வீட்டுக்கு வந்த அசலாரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“அட, பூ நல்லாக்குதே. பாப்பா போட்டதா?”

சேலையைத் தூக்கிப் பிடித்து, அதை மிதிக்காமல் தாண்டி, கோவிலுக்கு நேரமாகிவிட்டது என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் பூட்டு மாட்டத் திரும்பினாள்.

பவுனு என் முந்தானையை இழுத்தாள். அத்தனை நாளைக்கு அப்புறம் அவள் வாய் திறந்து சத்தமாகப் பேசியது அப்போதுதான்.

“ஆயா, அது பூ இல்லியே, காக்காக்கால் ஆச்சே! சின்ன ஆயாவுக்குத் தெரியாதா?”

கன்னியின் கையில் பூட்டு நின்றது. அவள் திரும்பவில்லை. நான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அவளுக்காகத்தான் பொறுத்தேன்.

“தெரியாதுடி கண்ணு” என்றேன். “அவங்க நம்ம ஊரு இல்ல.”